கடவுளின் மாடுகள் அரசனின் வெங்காயப் பாத்தியை உழுதபோது: சுமேரியாவில் ஆண்டது யார்?

#1 வைகைக்கரை

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே இறக்கி வைக்கிறேன்.

இன்றைய தெற்கு ஈராக்கில் டெல்லோ என்ற மண்மேடு இருக்கிறது. பழைய பெயர் கிர்சு. லகாஷ் என்ற நகர அரசின் புனித ஊர் அது. அங்கே கிடைத்த களிமண் கூம்புகளில், கி.மு. 2350 வாக்கில் ஆண்ட உருகாகினா என்பவர் (உருஇனிம்கினா என்றும் படிக்கிறார்கள்) தாம் செய்த சீர்திருத்தங்களை எழுதி வைத்திருக்கிறார். முதல் பாதி முழுக்கக் குற்றப் பட்டியல். படகுக்காரர்களை மேற்பார்த்தவன் படகுகளை எடுத்துக்கொண்டான், மந்தைக்குத் தலைவன் கழுதைகளை எடுத்துக்கொண்டான், கடவுளுக்குச் சொந்தமான மாடுகள் ஆட்சியாளரின் வெங்காயப் பாத்தியை உழுதன, கடவுளின் நல்ல நிலமெல்லாம் ஆட்சியாளரின் வெங்காயத்துக்கும் வெள்ளரிக்கும் போனது என்று வரிசையாகப் போகிறது.

என்னை உலுக்கியது சாவுக் கட்டணம். ஒரு பிணத்தைப் புதைக்கக் கொண்டுபோனால் 7 குடம் பீர், 420 ரொட்டி, தானியம், ஒரு துணி, ஒரு ஆடு, ஒரு கட்டில் என்று வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். உருகாகினா அதை 3 குடம் பீர், 80 ரொட்டி, ஒரு கட்டில், ஒரு ஆடு என்று குறைத்திருக்கிறார். கடைசியில், அநாதையையும் விதவையையும் வலியவன் கையில் ஒப்படைக்க மாட்டேன் என்று நிங்கிர்சு என்ற கடவுளோடு ஒப்பந்தம் செய்துகொண்டதாகச் சொல்கிறார். மக்களோடு அல்ல, கடவுளோடு.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது ஒரு வரிதான்: முதலில் பூசாரிகள் ஆண்டார்கள், பிறகு அரசர்கள் வந்தார்கள். இந்தக் கூம்பைப் படித்த பிறகு அந்த வரி போதவில்லை. நிலம் கடவுளுக்குச் சொந்தம் என்றால் அதை அவர்கள் உண்மையாகவே நம்பினார்களா? அல்லது ஆட்சியாளர்கள் போட்டுக்கொண்ட போர்வையா அது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி தம்பி. நான் கூட்டுறவுத் துறையில் முப்பது வருடத்துக்கும் மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வரலாறு படித்தது ஓய்வுக்குப் பிறகுதான். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து, கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.

உலகில் இதுவரை கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் முக்கியமானவை உருக் நகரத்தில் ஈயன்னா என்ற கோயில் வளாகத்தில் கிடைத்தவை. கி.மு. 3300 முதல் 3000 வரையிலான காலம். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் களிமண் பலகைகள். அவற்றில் கதை இல்லை, பாட்டு இல்லை, அரசனின் புகழ் இல்லை. பத்தில் எட்டுக்கு மேல் வரவு செலவுதான். எத்தனை ஆடு வந்தது, எவ்வளவு வாற்கோதுமை போனது, பீருக்கு எவ்வளவு மாவு. மீதி, எழுத்துப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல்.

அந்த எழுத்தில் ஒரு குறி இருக்கிறது: ஒரு மனிதத் தலை, அதன் வாயருகே ஒரு கிண்ணம். 'உண்' என்று அர்த்தம், படி கொடுப்பதையும் குறிக்கும். அதே காலத்து மேடுகளில் விளிம்பு சாய்ந்த முரட்டு மண்கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அச்சில் அமுக்கி அவசர அவசரமாகச் செய்தவை. வேலையாளுக்கு அன்றைய படியை அளந்து போடத்தான் என்பது ஒரு கருத்து, ரொட்டி வார்க்க என்பது இன்னொரு கருத்து. எப்படியானாலும் ஏராளமான பேருக்கு ஓரிடத்திலிருந்து சோறு போயிருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுமேரியத்தில் கோயிலுக்கென்று தனிச் சொல் கிடையாது. 'எ' என்றால் வீடு. கடவுளின் வீடுதான் கோயில். அரண்மனை 'எ-கல்', அதாவது பெரிய வீடு. அரசன் 'லுகல்', பெரிய ஆள். ஆக அவர்கள் உலகத்தில் எல்லாமே வீடுதான். வீட்டுக்குத் தலைவர் இருப்பார், மனைவி மக்கள் இருப்பார்கள், நிலம் இருக்கும், மாடு இருக்கும், பண்ணையாள் இருப்பான், கணக்கன் இருப்பான். நிங்கிர்சு ஒரு வீட்டுத் தலைவர். அவர் மனைவி பாவு இன்னொரு வீட்டுக்குத் தலைவி. நகரத்தை ஆள்கிறவர் 'என்சி', கடவுளின் சார்பில் பார்த்துக்கொள்கிறவர். இதைப் போர்வை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கணக்கே அந்தப் பெயரில்தான் எழுதப்பட்டது.

#3 வைகைக்கரை

ஐயா, 'படி' என்று நீங்கள் எழுதியதும் எங்கள் ஊர் நினைவு வந்துவிட்டது. மார்கழியில் அஷ்டமி சப்பரத்தன்று மீனாட்சியும் சொக்கரும் தேரில் வர, தெருவெல்லாம் அரிசி போடுவார்கள். எல்லா உயிருக்கும் சாமி படியளக்கிற நாள் என்று பாட்டி சொல்வார். அதை நான் ஒரு உருவகமாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். உருக்கில் அது மாதச் செலவுக் கணக்காக இருந்திருக்கிறது.

#4 மண்மேடு

தொல்லியல் முதுகலை மாணவன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது.

சுமேரியா என்றாலே கோயில்தான் அரசு, நிலமெல்லாம் கோயில் நிலம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1920-களிலும் 30-களிலும் ஆந்தோன் டைமல் என்ற இயேசு சபைத் துறவி கிர்சுவில் கிடைத்த ஓர் ஆவணத் தொகுப்பை வைத்துப் 'கோயில் பொருளாதாரம்' என்ற கருத்தை உருவாக்கினார். அந்தத் தொகுப்பில் ஏறத்தாழ 1,700 பலகைகள். மூன்று ஆட்சியாளர்களின் காலம், சேர்த்துப் பார்த்தால் இருபது ஆண்டு அளவு. அதில் எல்லாமே பாவு தேவியின் வீட்டுக் கணக்கு. ஒரு வீட்டின் கணக்குப் புத்தகம் மட்டும் கையில் கிடைத்தால் ஊரே அந்த வீடுதான் என்று தோன்றும் அல்லவா? அதுதான் நடந்தது.

1950-களில் சோவியத் அறிஞர் தியாகொனோவும், பிறகு சிகாகோவில் கெல்பும் இதை மறுத்தார்கள். லகாஷின் மொத்த நிலத்தில் கோயில் நிலம் ஒரு பகுதிதான், குடும்பங்கள் கூட்டாக வைத்திருந்த நிலமும் இருந்தது என்று காட்டினார்கள். அதற்கு நேரடிச் சான்றும் உண்டு. ஷுருப்பக் என்ற சுமேரிய நகரத்தில் கி.மு. 2600 வாக்கிலேயே நிலம் விற்ற பத்திரங்கள் இருக்கின்றன. விற்றவருக்கு விலை, அவர் உறவினர்களுக்குத் தனியே அன்பளிப்பு, சாட்சிகளின் பெயர் எல்லாம் எழுதியிருக்கும். எல்லாமே கடவுளின் நிலம் என்றால் இவர்கள் எதை விற்றார்கள்?

இன்னொன்று. இழையைத் தொடங்கியவர் வியந்த உருகாகினா. நான் மேலே சொன்ன பாவு வீட்டுக்கு, அவருக்கு முந்தைய ஆவணங்களில் பெயர் 'எ-மி', பெண்ணின் வீடு. அதாவது ஆட்சியாளரின் மனைவி நடத்தியது. முந்தைய ஆட்சியாளர் லுகலந்தாவின் மனைவி பரநம்தரா அதை நடத்தியபோது ஆதாப் நகரத்து அரசியோடு பரிசுப் பொருள் பரிமாறிக்கொண்டதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. உருகாகினா வந்ததும் பெயரைப் 'பாவுவின் வீடு' என்று மாற்றினார். நிலத்தைக் கடவுளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாக அறிவித்தார். சரி, அதற்குப் பிறகு அதை நடத்தியது யார்? அவர் மனைவி ஷாஷா. பெயர்ப்பலகை மாறியது, சாவி அதே இடத்தில்தான் இருந்தது.

அதனால் என் பதில்: கோயிலும் அரண்மனையும் குடும்பங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்த இடம் அது. கடவுளின் பெயர் எல்லோருக்கும் தேவைப்பட்டது.

#5 தறிவீடு

மண்மேடு தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் நெசவுக் குடும்பத்துப் பெண். என் கண் எப்போதும் நூலுக்கும் துணிக்கும்தான் போகும். அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

'ஊர்' என்ற சுமேரிய நகரத்தின் மூன்றாம் வம்சம் என்று சொல்லப்படும் காலம், கி.மு. 2100-இலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டு. அந்த அரசு விட்டுச்சென்ற கணக்குப் பலகைகள் பல பத்தாயிரம். அதில் கம்பளி நெசவுக்கூடங்கள் வருகின்றன. லகாஷ் பகுதியில் மட்டும் ஆயிரக்கணக்கான பெண்கள் தறியில் இருந்தார்கள். அவர்களோடு குழந்தைகளும் பதிவில் இருக்கிறார்கள். வழக்கமான மாதப்படி, ஆணுக்கு 60 சிலா வாற்கோதுமை, பெண்ணுக்கு 30 சிலா. ஒரு சிலா கிட்டத்தட்ட ஒரு லிட்டர். பாதி. வருடத்துக்கு ஒரு முறை கம்பளி அல்லது துணி. யார் இறந்தார், யார் ஓடிப்போனார், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் கணக்கில் குறித்து வைத்திருக்கிறார்கள். போரில் பிடிபட்டவர்களும், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களும், வேறு போக்கிடம் இல்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அவர்கள் நெய்த துணிதான் கப்பலேறிப் போய்ச் செம்பாகத் திரும்பி வந்தது. தெற்கு ஈராக்கில் கல் இல்லை, உலோகம் இல்லை, நல்ல மரம் இல்லை. மண்ணும் தண்ணீரும் ஆடும்தான். அந்த நாட்டின் செல்வத்தில் பாதி இந்தப் பெண்களின் விரலில் இருந்தது என்று நான் சொல்வேன்.

அப்புறம், உருகாகினாவை ஏழைகளின் காவலர் என்று கொண்டாடுகிறவர்கள், அவர் பெயரில் உள்ள இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். ஆணிடம் தகாத பேச்சுப் பேசிய பெண்ணின் வாயைச் சுட்ட செங்கல்லால் நொறுக்கி, அந்தச் செங்கல்லை நகர வாசலில் மாட்ட வேண்டும் என்று அதில் வருகிறது. விதவைக்குக் காவல் என்று சொன்ன அதே அரசு சொன்னது இது. இரண்டையும் சேர்த்தே படிப்போம்.

#6 தென்திசை

சுமேரியர்கள் தமிழர்கள்தானே? 'ஊர்' என்ற நகரமே நம் சொல்தானே? அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

#7 மண்மேடு

ஐயா, மதிப்போடு சொல்கிறேன். அந்த நகரத்தின் சுமேரியப் பெயர் 'உரிம்'. 'ஊர்' என்பது பின்னால் வந்த வடிவம். சுமேரிய மொழி எந்த மொழிக் குடும்பத்தோடும் உறுதியாகச் சேர்க்கப்படாத தனிமொழி. தமிழைப் போல ஒட்டுகளை அடுக்கிச் சொல் கட்டும் என்பது உண்மை. ஆனால் துருக்கியும் ஜப்பானியமும் கூடத்தான் அப்படிக் கட்டுகின்றன. இரண்டு மூன்று சொல் ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடினால், உண்மையில் இருக்கும் உறவைப் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

அந்த உண்மையான உறவு என்ன? மெலூகா. சுமேரியாவுக்கு வடக்கே இருந்த அக்காதின் அரசர் சர்கோன் தம் துறையில் மெலூகா கப்பல்கள் நின்றதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறார். மெலூகா என்பது சிந்துவெளி என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். ஊரின் அரச கல்லறைகளில் சிந்துவெளிச் செந்நிறக் கற்கள், கார்னீலியன் மணிகள், கிடைத்திருக்கின்றன. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன உருளை முத்திரை இருக்கிறது. ஷு-இலிஷு என்பவருடையது. தொழில்: மெலூகா மொழிபெயர்ப்பாளர். சிந்துவெளி மக்கள் பேசிய மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்ட ஒரு மனிதரின் பெயர் நம்மிடம் இருக்கிறது. அந்த மொழி எது என்று மட்டும் அவர் எழுதி வைத்திருந்தால்!

#8 தென்திசை

ஷு-இலிஷு செய்தி எனக்குப் புதிது. விளக்கத்துக்கு நன்றி தம்பி. தொடருங்கள், படிக்கிறேன்.

#9 கரும்பலகை

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. நம்பினார்களா, போர்வையா என்ற முதல் கேள்வி விவாதத்தில் நழுவிப் போகிறது. அதற்குத் திரும்புகிறேன்.

சுமேரியர்களுக்குப் பின் அதே நாட்டில் தலையெடுத்த பாபிலோனியர்களிடம் அத்ரகாசிஸ் என்ற பெருவெள்ளக் கதை உண்டு. அது தொடங்குவது வெள்ளத்தில் அல்ல, வாய்க்கால் வெட்டுவதில். மனிதர்கள் படைக்கப்படுவதற்கு முன், சிறு கடவுள்கள்தான் மண் சுமக்கிறார்கள். டைகிரிசையும் யூப்ரடீசையும் அவர்கள்தான் தோண்டுகிறார்கள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் மண்வெட்டியையும் கூடையையும் தீயில் போட்டுவிட்டு, நள்ளிரவில் என்லில் என்ற தலைமைக் கடவுளின் வீட்டை முற்றுகையிடுகிறார்கள். யார் தூண்டிவிட்டது என்று கேட்டால், நாங்கள் எல்லோரும்தான் என்கிறார்கள். தீர்வாக, ஒரு கடவுளைக் கொன்று அவர் சதையையும் இரத்தத்தையும் களிமண்ணோடு பிசைந்து மனிதனைச் செய்கிறார்கள். எதற்கு? அந்தக் கூடையைச் சுமக்க.

எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ வேலை செய்யறதுக்குத்தான் நம்மளப் படைச்சாங்களா டீச்சர்?" ஆமாம், அப்படித்தான் அவர்கள் எண்ணினார்கள். வண்டல் மண் வாய்க்காலை அடைத்துக்கொண்டே இருக்கும் நாடு அது. ஆண்டுதோறும் தூர் வாராவிட்டால் வயல் கிடையாது. கட்டாய உழைப்பு வாழ்க்கையின் அடிப்படை. அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கதை அந்தக் காரணத்தைக் கொடுத்தது. ஆனால் கதை ஆண்டைகளுக்கு மட்டும் சாதகமானது அல்ல. சுமை தாங்காமல் கருவியை எரித்த கடவுள்கள் அதில் நியாயம் பெறுகிறார்கள்.

அரசனும் அந்தக் கூடையிலிருந்து தப்பவில்லை. லகாஷ் அரசர் ஊர்-நான்ஷே, கி.மு. 2500 வாக்கில், ஒரு கல் பலகையில் தம்மைச் செதுக்கச் சொன்னார். குடும்பம் சூழ நிற்கிறார், தலையில் செங்கல் கூடை. ஊரின் அரசர் ஊர்-நம்முவின் செம்புச் சிலைகளும் அதே கோலத்தில் கோயில் அடித்தளத்துக்குள் புதைக்கப்பட்டன. எந்த மனிதரும் பார்க்க முடியாத இடத்தில். போர்வை என்றால் யாருக்காகப் போர்த்துவது? அந்தச் சிலையைப் பார்க்கப்போகிறவர் கடவுள் மட்டும்தான்.

#10 வைகைக்கரை

மண்ணுக்குள் புதைத்த சிலை பற்றிய வாதம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. என் 'போர்வை' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நம்பினார்கள்.

அப்படியானால் எகிப்தும் சிந்துவெளியும் இதே மாதிரியா?

#11 கரும்பலகை

எகிப்து வேறு. அங்கே அரசரே ஹோரஸ் கடவுளின் வடிவம். சுமேரிய என்சி கடவுளின் காரியக்காரர், அவ்வளவுதான். அக்காதின் நராம்-சின் மட்டும் கி.மு. 2250 வாக்கில் கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்து தம்மைக் கடவுளாகக் காட்டிக்கொண்டார். அப்போதுகூட நகர மக்களே கடவுள்களிடம் கேட்டுத் தம்மைக் கடவுளாக்கியதாக எழுதி வைத்தார். பின்னால் ஊரின் ஷுல்கியும் அப்படிச் செய்தார். பழக்கம் நிலைக்கவில்லை.

சிந்துவெளியில் அரண்மனை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கட்டடமோ அரச கல்லறையோ இல்லை. ஆனால் எடைக்கல் ஊருக்கு ஊர் ஒரே அளவு, செங்கல் 1:2:4 என்ற ஒரே விகிதம். யாரோ ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள், தம் முகத்தை மட்டும் செதுக்கவில்லை. எழுத்து படிக்கப்படும் வரை இதற்கு மேல் போக எனக்குத் துணிவில்லை.

#12 கணக்குப்பிள்ளை

இரண்டு நாளாக யோசித்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்மேடு தம்பி சொன்னது சரி, சாவி அரசி கையிலேயே இருந்தது. ஆனாலும் ஆண்டது யார் என்ற கேள்விக்கு நிலத்தை மட்டும் பார்த்தால் விடை பாதிதான். கடனைப் பாருங்கள். யார் கடனை எழுதலாம், யார் அழிக்கலாம் என்பதில்தான் அதிகாரம் இருந்தது.

பாபிலோன் அரசர் ஹமுராபி காலத்தில் (கி.மு. 1792 முதல் 1750) வெள்ளிக் கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 20. தானியக் கடனுக்கு ஒரு குர், அதாவது 300 சிலாவுக்கு, 100 சிலா. மூன்றில் ஒரு பங்கு. மழையும் வெள்ளமும் உப்பும் படுத்தும் நாட்டில் ஒரு போகம் பொய்த்தால் அந்த வட்டியை எப்படிக் கட்டுவான்? முதலில் மாடு போகும், பிறகு நிலம் போகும், பிறகு பிள்ளை போகும், பிறகு மனைவி, கடைசியில் தானே போவான். கடனுக்கு அடிமை. ஊர்-நம்முவின் சட்ட முன்னுரையில், ஒரு ஷெகல் (வெள்ளியை நிறுக்கும் எடை) உள்ளவனை 60 ஷெகல் உள்ளவன் கையில் ஒப்படைக்கவில்லை என்று அரசர் பெருமை கொள்கிறார் என்றால், ஒப்படைப்பதுதான் அன்றைய வழக்கமாக இருந்திருக்க வேண்டும்.

இதற்கு அரசர்கள் கண்ட மருந்து, துடைத்தெறிவது. உருகாகினாவுக்கும் முன்னால், கி.மு. 2400 வாக்கில், லகாஷின் என்மெத்தேனா 'அமர்கி' அறிவித்தார். தாயைப் பிள்ளையிடமும் பிள்ளையைத் தாயிடமும் சேர்த்து வைத்தேன் என்று எழுதுகிறார். அமர்கி என்ற சொல்லைப் பிரித்தால் 'தாயிடம் திரும்புதல்' என்று வரும். விடுதலைக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சொல் இதுதான். கடனுக்குப் போன பிள்ளை வாசற்படி ஏறி வருவதைத்தான் அவர்கள் விடுதலை என்றார்கள்.

பாபிலோனில் இதன் பெயர் 'மீஷரும்'. நேர் செய்தல் என்று சொல்லலாம். ஹமுராபியின் மகன் சம்சு-இலுனா ஆட்சிக்கு வந்த கையோடு கடன் தள்ளுபடி அறிவித்தார், அடுத்த ஆண்டுக்குப் பெயரே அதை வைத்துத்தான். ஹமுராபியின் எள்ளுப்பேரன் அம்மி-சதுக்காவின் ஆணை, கி.மு. 17-ஆம் நூற்றாண்டு, கணிசமாக நமக்குக் கிடைத்திருக்கிறது. தானியமோ வெள்ளியோ வட்டிக்குக் கொடுத்தவன் வசூலிக்கக் கூடாது, ஆணைக்குப் பிறகு வசூலித்தால் திருப்பித் தர வேண்டும், தராதவனுக்குச் சாவு.

என் மனதில் நின்றுவிட்டது ஹமுராபி சட்டத்தின் 48-ஆம் விதி. கடன் வாங்கியவனின் வயலை அதாத் என்ற புயல் கடவுள் வெள்ளத்தில் மூழ்கடித்தாலோ, தண்ணீர் இல்லாமல் பயிர் விளையாமல் போனாலோ, அந்த ஆண்டு அவன் தானியம் கொடுக்க வேண்டாம், வட்டியும் கிடையாது. அவன் தன் பலகையை நனைத்துக்கொள்ளலாம். கடன் எழுதிய களிமண்ணைத் தண்ணீரில் நனைத்தால் எழுத்து குழையும், புதிதாக எழுதலாம்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு வறட்சி ஆண்டு. பயிர்க்கடன் பேரேட்டில் பக்கம் பக்கமாக நிலுவை. ஒரு பெரியவர் தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார், எதுவும் கேட்க மாட்டார். தள்ளுபடி ஆணை வந்த அன்று அவர் கணக்கில் சிவப்பு மையில் கோடு போட்டது என் கைதான். அந்தக் கோட்டை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். 48-ஆம் விதியை முதன்முறை படித்தபோது எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

#13 மண்மேடு

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மறுப்பதற்கு மனம் வரவில்லை, ஆனாலும் சிலவற்றைச் சேர்த்தாக வேண்டும்.

அம்மி-சதுக்கா ஆணையில் வியாபாரக் கடனுக்குத் தள்ளுபடி இல்லை. கூட்டு வணிகத்துக்கும் தொலைவு வணிகத்துக்கும் கொடுத்த பணம் அப்படியே நிற்கும். கடனுக்காக அடிமையானவர் வீடு திரும்பலாம், ஆனால் அடிமையாகவே வீட்டில் பிறந்தவருக்கு அந்த ஆணை எதுவும் தரவில்லை. தறிவீடு அக்கா சொன்ன நெசவுக்கூடப் பெண்களைப் போன்றவர்களுக்கு மீஷரும் எந்த வாசலையும் திறக்கவில்லை.

அரசருக்கும் இதில் ஆதாயம் உண்டு. குடியானவன் கடனுக்கு அடிமையாகிவிட்டால் அவன் உழைப்பு கடன் கொடுத்தவனுக்குப் போகும். அரசருக்குப் போர்வீரனும் கிடையாது, வாய்க்கால் வெட்ட ஆளும் கிடையாது, வரியும் கிடையாது. அதனால் பெரும் பணக்காரர்களின் பிடியை அவ்வப்போது தளர்த்திவிடுவது அரசாங்கத்தின் பிழைப்புக்கே தேவை. கடன் கொடுத்தவர்களும் சும்மா இருக்கவில்லை. இந்தக் கடன் அரசாணைக்குப் பிறகு கொடுத்தது என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

#14 தறிவீடு

அரசருக்கு ஆதாயம் இருந்தால் என்ன தம்பி? பிள்ளை வீடு திரும்பியது பொய்யாகிவிடுமா? அந்தத் தாய்க்கு அரசரின் உள்நோக்கம் முக்கியமில்லை. திரும்பாத பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. அதுதான் எனக்கு வலிக்கிறது.

#15 நாட்டார்குளம்

தஞ்சைப் பக்கத்துக்காரன், கல்வெட்டுகளில் ஆர்வம். சோழர் கால சிவன் கோயில்களில் நில விற்பனையும் கொடுக்கல் வாங்கலும் ஆதிசண்டேசுவரர் பெயரில்தான் நடக்கும். கடவுளின் சார்பில் கையெழுத்துக்கு நிற்பவர் அவர். கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் வட்டிக்கு வாங்கிய கல்வெட்டுகளும் நிறைய. சுமேரியாவுக்கும் இதற்கும் 3,000 ஆண்டு இடைவெளி, நேர்த் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் கடவுளின் பெயரில் கணக்கு எழுதுவது வெறும் சடங்கு இல்லை என்று கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதை எங்கள் ஊர்ச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவன் எளிதாகப் புரிந்துகொள்வான்.

#16 கரும்பலகை

அரசரின் உள்நோக்கம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். பாபிலோனில் வசந்த காலப் புத்தாண்டு விழா 'அகீத்து'. நிசன்னு மாதத்தின் 5-ஆம் நாள், அரசர் அந்நகரின் தலைமைக் கடவுளான மர்துக்கின் கோயிலுக்குள் போவார். தலைமைப் பூசாரி அவரிடமிருந்து செங்கோல், வளையம், மகுடம் எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்துவிடுவார். திரும்பி வந்து அரசரின் கன்னத்தில் அறைவார். காதைப் பிடித்து இழுத்துக் கடவுள் முன் மண்டியிட வைப்பார். நான் பாவம் செய்யவில்லை, பாபிலோனை அழிக்கவில்லை, உரிமை பெற்ற குடிகளின் கன்னத்தில் அறையவில்லை என்று அரசர் சொல்ல வேண்டும். பிறகு சின்னங்கள் திரும்பக் கிடைக்கும், கூடவே இன்னொரு அறை. கண்ணீர் வந்தால் மர்துக் மகிழ்ந்தார் என்று பொருள்.

இந்தச் சடங்கை விவரிக்கும் பலகைகள் மிகப் பிற்காலத்தவை, அலெக்சாந்தருக்குப் பிந்தையவை. அதனால் உருகாகினா காலத்துக்கு இதை ஏற்றிச் சொல்லக் கூடாது. ஆனால் அரசர் கன்னத்தில் அறை வாங்கும் இடத்தில் அவர் மறுக்கும் குற்றம் எது என்று பாருங்கள். குடிகளின் கன்னத்தில் அறைந்தது.

#17 வைகைக்கரை

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. உருகாகினாவுக்கு என்ன ஆனது என்று கேட்டு ஒருவர் தனிமடல் அனுப்பியிருந்தார். தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

லகாஷுக்கும் பக்கத்து நகரமான உம்மாவுக்கும் தலைமுறை தலைமுறையாக எல்லைத் தகராறு. குஎதென்னா என்ற வயல்வெளிக்காகவும் அதன் தண்ணீருக்காகவும். கிஷ் அரசர் மெசிலிம் ஒரு காலத்தில் எல்லைக்கல் நட்டுத் தீர்த்து வைத்தார், நிலைக்கவில்லை. லகாஷின் எயன்னாதும் வென்றபோது செதுக்கிய கழுகுக் கல் இன்று லூவ்ரில் இருக்கிறது. அதில் எதிரிகளை வலையில் பிடித்து வைத்திருப்பவர் நிங்கிர்சு. உம்மா தன் பங்குக்குப் பயிரிட்ட லகாஷ் நிலத்தின் வாற்கோதுமை, கடன் கணக்கில் ஏறி, வட்டி மேல் வட்டியாகிக் கட்டவே முடியாத அளவுக்குப் போயிருக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன கடன், இங்கே இரண்டு நகரங்களுக்கு நடுவே.

கடைசியில் உம்மாவின் லுகல்சாகேசி லகாஷைச் சூறையாடினார். உருகாகினாவின் ஆட்சி பத்து ஆண்டு கூட நீடிக்கவில்லை. (லுகல்சாகேசியைப் பின்னால் சர்கோன் தோற்கடித்து, கழுத்தில் கட்டை பூட்டி நிப்பூருக்கு, என்லிலின் வாசலுக்கு இழுத்துப் போனார்.)

அந்த அழிவைப் பற்றி லகாஷைச் சேர்ந்த ஒருவர் எழுதிய பலகை இருக்கிறது. கோயில் கோயிலாகப் பெயர் சொல்லி, இதற்குத் தீ வைத்தான், இதிலிருந்த வெள்ளியையும் நீலக்கல்லையும் அள்ளிப்போனான் என்று எழுதிக்கொண்டே போகிறார். அழுகையும் கணக்குப் பட்டியலாகத்தான் வந்திருக்கிறது. முடிவில் நிங்கிர்சுவின் வயலில் விளைந்திருந்த வாற்கோதுமையையும் பிடுங்கிவிட்டான் என்கிறார். அதற்குப் பிறகு, உருகாகினா மேல் பாவம் இல்லை என்கிறார். லுகல்சாகேசி செய்த பாவத்தை அவருடைய தேவி நிசபாவே தன் கழுத்தில் சுமக்கட்டும் என்று முடிக்கிறார்.

நிசபா தானியத்தின் தேவி. எழுத்துக்கும் கணக்குக்கும் அவள்தான் தேவி.

#18 கணக்குப்பிள்ளை

நிசபா பற்றித் தனி இழை ஒன்று தொடங்குங்கள் தம்பி. என்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது.